கூடாது என்றுதான் சொன்னேன்

மைக்கக்காவுக்கு அந்தப் பெயர் ரயில் நிலையத்தில் கிடைத்தது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி, அதற்கு மேல் எதுவும் கொள்ளாத அறை. விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் கடும் வெயில் காலத்திலும் அதை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். முதுகில் வேர்வை ஆறாக ஓடும். குரல் மட்டும் குளுகுளுவென்று வெளியே வரும். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. "மூன்றாவது நடைமேடை" என்று அவர் சொன்னால் ஜனம் மூட்டை முடிச்சோடு மூன்றாவதுக்கு நடக்கும். நிஜமாகவா என்று யாரும் நின்று யோசித்ததில்லை.

கணவர் பஞ்சர் கடைக்காரர். சாப்பாட்டுக்கு நேரம் கழித்து வந்தால் வாசலில் நின்று மூக்கால் பேசுவார்: "தாமதத்துக்கு வருந்துகிறோம்." மைக்கக்கா கரண்டியோடு வந்து, "ரசம் ரத்து செய்யப்பட்டுள்ளது" என்பார். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் குறையை இருவரும் இப்படிச் சிரித்தே கடந்து வந்தார்கள். தம்பி குடும்பம் பக்கத்துத் தெருவில் இருந்தது. தம்பிக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை. அவன் மகள் பள்ளி விட்டதும் நேராக அத்தை வீட்டுக்குத்தான் வருவாள்.

பிறகு ரயில்வேயில் பதிவு செய்த குரல் வந்தது. அதுவும் பெண் குரல்தான். இருமாது, லீவு கேட்காது. மைக்கக்காவைப் பார்சல் பிரிவில் முத்திரை குத்தச் சொன்னார்கள். கொஞ்ச நாள் குத்திப் பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நிவாரணச் சங்கத்தின் கிளை அலுவலகத்தில் பேசத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. வெள்ளம், தீ விபத்து, ரத்ததானம் என்று ஓடிக்கொண்டிருந்த சங்கம் அது. போர்க்காலச் சட்டங்களை மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட சட்டங்கள் அவை. காயம்பட்டு விழுந்தவனைத் தாக்கக்கூடாது. சரணடைந்தவனைக் கொல்லக்கூடாது. ஆயுதம் எடுக்காத ஜனத்தைக் குறிவைக்கக்கூடாது. மருத்துவமனையையும் ஆம்புலன்ஸையும் தொடக்கூடாது. இவற்றை அமைதிக் காலத்திலேயே படையினருக்கும் ஊராருக்கும் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே சட்டங்களில் உள்ள கடமை. அப்போது சண்டை தொலைவில், எல்லைப்புறத்தில், செய்தித்தாளில் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

மைக்கக்காவின் முதல் கூட்டம் சந்தையில். வெள்ளைத் துணியில் சிவப்புக் குறி போட்ட பதாகையைக் கட்டிவிட்டு, "சண்டைக்கும் சட்டம் உண்டு" என்று ஆரம்பித்தார்.

"அப்படியா? என் மாமியாருக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க" என்றார் வெங்காயக் கடைப் பெண்மணி.

சந்தையே சிரித்தது. மைக்கக்கா விடவில்லை. "உங்க மாமியார் ஆயுதத்தைக் கீழ வச்சுட்டாங்களா, இல்ல இன்னும் கையிலதான் இருக்கா?"

"கையில எங்க? வாயில!"

"எப்போ கீழ வைக்கிறாங்களோ, அதுக்கப்புறம் நீங்க திருப்பி அடிக்கக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

அடுத்து மூட்டை தூக்குபவர்களைப் பார்த்துக் கேட்டார்: "எதிரி கால் ஒடிஞ்சு விழுந்து கிடக்கான். என்ன பண்ணுவீங்க?"

"மத்த காலையும் கவனிச்சுட்டுத்தான் வருவேன்" என்றார் ஒருவர்.

"நாளைக்கு உங்க கால் ஒடியும். அவனும் அதையே நினைப்பான்ல?"

அந்த ஆள் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். இப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடம், பஸ் நிலையம், தையல் கம்பெனி, போலீஸ் பயிற்சி மைதானம் என்று ஒரு இடம் பாக்கி இல்லை. சொன்னதில் பாதி வாக்கியங்கள் "கூடாது" என்று முடிந்ததால், தம்பி மகள் வீட்டில் அத்தையைப் போல நடித்துக் காட்டுவாள்: "காதைத் திருகக்கூடாது, கிள்ளக்கூடாது, கணக்குப் பாடம் கேக்கவே கூடாது."

ஒரு சங்கடம் இருந்தது. கூட்டம் சிரிக்கும், கேட்கும், முடிவில் ஒருவர் எழுந்து, "சரிங்க, இதனால எங்களுக்கு என்ன?" என்பார். தலைமையகம் அனுப்பிய சுவரொட்டியில் அதற்குப் பதில் அச்சிட்டிருந்தது: 'இக்குறியுள்ள இடம் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடம்.' அதைப் படித்துக் காட்டினால் கொட்டாவி விட்டார்கள். ஆகவே மைக்கக்கா அதைத் தன் வாயால் சொன்னார்: "எங்க இந்தக் குறி இருக்கோ, அது பத்திரமான இடம். சண்டை வந்தா அங்க போங்க." அந்த ஒரு வரி ஊருக்குப் பிடித்துவிட்டது. கூட்டம் முடிந்து போகும்போது தங்களுக்குள் அதைச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

கணவர் ஒருநாள் அந்தப் பக்கமாக வந்து, நின்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லாத்தான் பேசற. ஆனா பிளாட்பாரம் சொல்ற மாதிரியே சொல்ற."

"அதுல என்ன?"

"வண்டி வராட்டி?"

"வாயைக் கழுவுங்க" என்றார் மைக்கக்கா.

ஊருக்கு வெளியே இருந்த ராணுவ முகாமுக்கும் அழைப்பு வந்தது. சிப்பாய்கள் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து வெயிலில் தூங்கி வழிந்தார்கள். முன்வரிசையில் ஒரு கேப்டன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். கண்ணாடி போட்டவர், மரியாதை தெரிந்தவர்.

"அம்மா, ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரிக்குள்ள இருந்துக்கிட்டு எதிரி சுட்டா என்ன பண்றது?"

"அப்போ அந்த இடத்துக்கான பாதுகாப்பு போயிடும் சார். ஆனா எடுத்த எடுப்புல இல்ல. முதல்ல எச்சரிக்கை குடுக்கணும். நிறுத்தறதுக்கு நியாயமான அவகாசம் குடுக்கணும். அதையும் மதிக்கலைன்னாதான்."

"நியாயமான அவகாசம்னா எவ்வளவு?"

"அளவு எழுதி வைக்கல. நிலைமையைப் பொறுத்தது."

"அதை யார் முடிவு பண்றது?"

"அந்த இடத்துல இருக்கிற அதிகாரி."

கேப்டன் தலையாட்டினார். "தெளிவா சொன்னீங்க. நன்றி." வாசல் வரை வந்து வழியனுப்பினார். மைக்கக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. இத்தனை கூட்டத்தில் ஒருவர்தான் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார், அதுவும் கட்டளையிடும் இடத்தில் இருப்பவர் என்று கணவரிடம் மூச்சுவிடாமல் சொன்னார்.

சண்டை எல்லைப்புறத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து ஆற்றின் மறுகரைக்கு வந்துவிட்டது. இப்போது ஊருக்குள் இருந்தவர்கள் அரசை எதிர்த்த ஆயுதக் குழுவினர். முகாமைக் காலி செய்துவிட்டு ராணுவம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. முதல் குண்டு தானியக் கிடங்கில் விழுந்த அன்று தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, லாரியில தண்ணிய வடிச்சுட்டு எல்லாரையும் ஏத்திக்கிட்டு தெக்குப் பக்கமா போயிடலாம்னு இவ சொல்றா. இவ அண்ணன் வீடு இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"ரோட்டுல லாரியப் பாத்தா எவன் எந்தப் பக்கமிருந்து சுடுவான்னு யாருக்குடா தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போங்க. கூரையில பெரிய குறி போட்டிருக்கு, நானே நின்னு வரைய வச்சேன். தண்ணி வண்டி அவங்களுக்கும் உதவும்."

பின்னால் தம்பி மனைவி ஏதோ சொல்வது கேட்டது. தம்பி அவளிடம், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். போனை வைத்துவிட்டான்.

அவர்கள் மட்டும் போகவில்லை. சந்தை போனது, தையல் கம்பெனி போனது. மருத்துவமனை முற்றத்தில், வண்டிக் கொட்டகையில், மாடிப்படிக்குக் கீழே என்று ஊரே பாய் விரித்தது. மைக்கக்கா தினமும் சங்க அலுவலகத்திலிருந்து கட்டுத்துணியும் பால் பொடியும் கொண்டுபோய்க் கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாம், "நீங்க சொன்ன இடத்துக்கு வந்துட்டோம்க்கா" என்றார்கள்.

ஒரு நடுப்பகலில், அவர் அலுவலகத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, மருத்துவமனை இருந்த திசையில் வரிசையாகச் சத்தம் கேட்டது. ஓடினார். தெருமுனை தாண்டியதும் புழுதியில் வழி தெரியவில்லை. முற்றத்தில் தண்ணீர் லாரி ஒருக்களித்துக் கிடந்தது. தொட்டி பிளந்து தண்ணீர் படிக்கட்டு வரை ஓடிவந்துகொண்டிருந்தது. அதன் நிறத்தைப் பார்த்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி குழாயைப் பிடித்தபடி குடங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தானாம். வரிசையில் நின்ற பெண்கள் பலரும் அவனோடு போய்விட்டார்கள். வெங்காயக் கடைப் பெண்மணியும் அவர்களில் ஒருவர். அவருடைய மாமியார் பிழைத்துக்கொண்டார்.

தம்பி மகள் மாடிப்படிக்குக் கீழே இருந்ததால் தப்பினாள். ஒரு காது மட்டும் கேட்காமல் போயிற்று. தம்பி மனைவிக்குத் தோளில் தையல். சங்கத்தின் கிடங்கில் துணி மூட்டைகளுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மைக்கக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"சுட மாட்டாங்கன்னு சொன்னீங்களே அண்ணி."

மைக்கக்கா வாயிலிருந்து வந்தது வரக்கூடாத பதில்.

"நான் சுடக்கூடாதுன்னுதான்மா சொன்னேன்."

தம்பி மனைவி அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. உங்க கொரல்ல கேட்டா அப்படித்தான் கேக்கும்."

அதோடு பேச்சு நின்றது. காயம் ஆறியதும் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது மைக்கக்கா தெருவில்தான் நின்றார். அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த வாரமே வானொலியில் ராணுவத்தின் அறிக்கை வந்தது. பஞ்சர் கடையில் கணவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். மைக்கக்கா ஓரமாக ஸ்டூலில் இருந்தார். வீட்டில் தனியே இருக்க முடியாமல் அங்கே வந்து உட்காரும் பழக்கம் வந்திருந்தது. 'மருத்துவமனையை எதிரிகள் பயன்படுத்தி வந்தனர். உரிய எச்சரிக்கை விடுக்கப்பட்டது. நியாயமான அவகாசம் வழங்கப்பட்டது. அது மதிக்கப்படாத நிலையிலேயே நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று அறிவிப்பாளர் நிதானமாகப் படித்தார்.

மைக்கக்கா எழுந்து நின்றார்.

"என்ன?" என்றார் கணவர்.

"இது நான் சொன்னது. வரிசை மாறாம அப்படியே நான் சொன்னது."

கணவர் கையிலிருந்த டியூபை விட்டுவிட்டார். வானொலியை அணைத்தார்.

சண்டை ஓய்ந்து, ஊர் ராணுவத்தின் கைக்கு வந்த பிறகு விசாரணைக் குழு ஒன்று வந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி தலைவர். அரசு அலுவலகத்தின் கூட்ட அறையில், குளிர்சாதனம் போட்டு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்து விசாரித்தார்கள். மருத்துவமனை நர்ஸ் சாட்சி சொன்னார்: ஆயுதக் குழுவில் உள்ளே இருந்தவர்கள் காயம்பட்ட மூன்று பேர்தான், கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள், அவர்களுடைய துப்பாக்கிகளை வாசலிலேயே வாங்கி வெளியே அனுப்பிவிட்டோம், உள்ளேயிருந்து ஒரு தோட்டாகூடப் போகவில்லை. எச்சரிக்கையா? எந்த எச்சரிக்கை?

எச்சரிக்கை ஆற்றுப் பாலத்தின் அந்தக் கோடியில் நின்ற ஒரு வேனிலிருந்து ஒலிபெருக்கியில் கொடுக்கப்பட்டதாம். சொன்னவர் அந்தக் கண்ணாடி போட்ட கேப்டன். இப்போது மேஜராகிவிட்டிருந்தார்.

"சட்டம் தெரியாம எதுவும் செய்யல சார்" என்றார் அவர். சாட்சிகள் வரிசையில் மைக்கக்காவைக் கண்டுகொண்டு, உண்மையான மரியாதையோடு தலை தாழ்த்தினார். "இந்த அம்மாதான் எங்களுக்கு வகுப்பு எடுத்தாங்க. அவங்க சொன்ன முறைப்படியே செஞ்சோம்."

அறை முழுக்கத் திரும்பி மைக்கக்காவைப் பார்த்தது. அவரைக் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. அவர் முறை வந்தபோது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், மேஜரைப் பார்த்துக் கேட்டார்:

"பாலத்துக்கு அந்தக் கோடியில இருந்து சொன்னா ஆஸ்பத்திரியில கேக்குமான்னு யாராவது இந்தப் பக்கம் நின்னு பாத்தீங்களா சார்? ஜெனரேட்டர் ஓடிட்டு இருந்துச்சு. சொல்லிட்டு எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?"

"அம்மா, நீங்க சாட்சி" என்றார் தலைவர். "கேள்வி கேக்கறது எங்க வேலை."

"அப்போ நீங்க கேளுங்க சார்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் இடைவேளை என்றார். இடைவேளைக்குப் பிறகு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள். கடைசியில் வந்த அறிக்கையில் நடந்தது 'வருந்தத்தக்கது' என்றிருந்தது. யார் வருந்த வேண்டும் என்று அதில் இல்லை.

சங்கத்தார் மைக்கக்காவை மறுபடி கூட்டங்களுக்குப் போகச் சொன்னார்கள். "இப்பதான்க்கா இது ரொம்பத் தேவை. உங்க கதையையும் சேர்த்துச் சொன்னா மனசுல பதியும்" என்றார் செயலாளர். போனார், ஒரே ஒரு தடவை, பஸ் நிலையத்துக்கு. 'கூடாது' என்ற சொல் வரும் இடமெல்லாம் நாக்கு தடுக்கியது. முன்னால் நின்ற ஒரு பெரியவர் கேலியாகக்கூட இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்: "இந்தத் தடவை எங்கம்மா போகச் சொல்றே?" மைக்கக்கா பதாகையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டார். சட்டம் தப்பில்லை, அதை நான் விற்ற விதம்தான் தப்பு என்று கணவரிடம் சொன்னார். பிறகு, இல்லை, குண்டு போட்டவன்தான் தப்பு, அதை ஏன் நான் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்றார். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லியே அந்த ஆண்டு கழிந்தது.

ஒருநாள் முற்பகலில் தம்பி மனைவி வாசலில் வந்து நின்றாள். மைக்கக்கா கையிலிருந்த பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"உங்கள மன்னிக்க வரல" என்றாள் அவள். "அதை முதல்ல சொல்லிடறேன்."

"உள்ள வா."

வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தலைநகரில் ஒரு வக்கீல் வழக்குப் போட முன்வந்திருக்கிறாராம், செத்தவர்களின் குடும்பத்தார் சார்பில். நீதிமன்றத்தில் அவளே பேச வேண்டியிருக்கும்.

"அவர் சொல்றது எனக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. அவகாசம்ங்கறார், எச்சரிக்கைங்கறார், பாதுகாப்பு நீங்கும்ங்கறார். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சாதாரணமா சொல்ல வரும். சொல்லிக் குடுங்க."

மைக்கக்கா சொல்லிக் கொடுத்தார். சந்தையில் பேசியது போல் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கல் பொறுக்குவது போலப் பொறுக்கி வைத்தார். காயம்பட்டவன் கட்டிலில் கிடந்தால் அது எதிரி ஒளிந்திருக்கும் இடம் ஆகாது. எச்சரிக்கை என்றால் போய்ச் சேர வேண்டும். அவகாசம் என்றால், கட்டிலில் கிடப்பவனை இன்னொருவன் தூக்கிக்கொண்டு வெளியே வரப் போதுமா என்று பார்க்க வேண்டும்.

"அந்த அவகாசம் போதும்னு யார் முடிவு பண்றது?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

மைக்கக்கா காபி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இதே கேள்விய முகாம்ல ஒருத்தர் கேட்டார். அங்க இருக்கிற அதிகாரின்னு சொல்லிட்டு நிறுத்திட்டேன். அவன் முடிவு பண்ணது சரியான்னு பின்னால யார் வேணா கேக்கலாம், அவன் பதில் சொல்லியே ஆகணும். அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும். சொல்லல."

"நான் கேக்கறேன்" என்றாள் தம்பி மனைவி.

காபி ஆறிப் போயிற்று. அவள் தொடவில்லை. அடுத்த வாரம் மறுபடி வந்தாள், கூடவே தையல் கம்பெனியில் வேலை பார்த்த மனைவியைப் பறிகொடுத்த ஒருவரும், வெங்காயக் கடைப் பெண்மணியின் மாமியாரும். அடுப்படித் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். அந்த மாமியார்தான் எல்லாரையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டத்தை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். தம்பி மனைவி பாடத்தைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒருமுறை மைக்கக்கா கேட்டதற்கு, "இருக்கா" என்றாள்.

முதல் விசாரணைக்கு மைக்கக்காவும் போனார். கூப்பிடாமலே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தம்பி மனைவி கூண்டில் நின்று தடுமாறாமல் பேசினாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"நீங்க வீட்டோட இருக்கறவங்க. இவ்வளவு சட்டம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

தம்பி மனைவி கடைசி பெஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க" என்றாள்.

வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பலமுறை ஒத்திவைத்துவிட்டார்கள். மேஜர் இப்போது அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் போர்ச் சட்டம் பாடம் நடத்துவதாகக் கேள்வி.